தமிழ் எழுத்தில் சிங்களம் படித்தால் வரும் சிக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பதால், குறுகிய நாட்களில் சிங்களம் கற்றுத் தரும் கையேடுகளைப் பலரும் தேடி வாங்குகிறார்கள். சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தரும் கையேடுகளே அதிகம். படிப்பவர்கள் இடறுவதும் அங்கேதான்.

'பலன்ன' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தைப் 'பலகை'யில் வரும் ப போல ஒலித்தால் 'பிளக்க' என்று பொருள். 'அம்பு' என்பதில் ப கேட்கும் ஒலியோடு தொடங்கினால் 'பாருங்கள்'. சிங்களத்தில் இவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். 'கந்த' இன்னும் கடினம்: மூக்கொலியை முழுதாக நிறுத்திச் சொன்னால் மலை, தொட்டும் தொடாமலும் சொன்னால் அடிமரம். 'பேங்க்' என்னும்போது வரும் உயிரொலிக்குச் சிங்களத்தில் குறிலும் நெடிலும் உண்டு, தமிழில் எழுத்தே இல்லை. ஆகவே முதல் ஐந்தாறு வாரம் கொப்பியை மூடிவைத்துக் காதால் கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். அதன்பின் நேரே சிங்கள எழுத்துக்குப் போய்விடுங்கள்.

வாக்கிய அமைப்பில் தமிழர்களுக்குப் பெரிய அனுகூலம் இருக்கிறது. 'எனவா கியலா கிவ்வா' என்பது 'வருகிறேன் என்று சொன்னார்' என்பதற்கு அதே வரிசையில் அமைந்தது. ஆனாலும் ஒரு தவறு ஓயாமல் வருகிறது. 'எங்கே போகிறீர்கள்?' என்பதற்குக் 'கொஹெத யனவா' என்கிறார்கள். 'கொஹெத யன்னே' என்பதே சரி. 'அவர் போனது கொழும்புக்கு' என்று தமிழில் சொல்லும்போது வினை 'போனது' என்று மாறுகிறதல்லவா? அந்த மாற்றம்தான் இதுவும். இப்படி விளக்கினால் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

பேச்சில் நான், நீ, அவர் எல்லோருக்கும் 'யனவா' ஒன்றே போதும். எழுத்து வழக்கில் யமி (நான்), யயி (அவன்), யதி (அவர்கள்) என்று ஆளுக்கு ஆள் மாறும். வகுப்பில் இந்த அட்டவணையை முதலில் மனப்பாடம் செய்யவைப்பது பெரும் பிழை. பிள்ளை புள்ளி எடுக்கும், ஆனால் பஸ் நடத்துனரிடம் வழி கேட்கத் தெரியாது. முதலாம் தவணை முழுவதையும் பேச்சு வழக்குக்கே ஒதுக்க வேண்டும்.

தமிழில் கருமமாற்றும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சிங்களம் கற்பதால் அது குறையாது, அதை விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஆனால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லும்போது, அதை வாசித்துப் பார்த்து 'இந்த வரியை நான் சொல்லவில்லை' என்று சொல்ல முடிவது பெரிய பாதுகாப்பு. அதற்குப் பேச்சு மட்டும் போதாது, எழுத்து வழக்கும் வேண்டும். ஆகவே பேச்சில் தொடங்கும் பாடத்திட்டம், மேல்வகுப்புகளில் முறைப்பாடு, விண்ணப்பப் படிவம், காணி உறுதி போன்றவற்றை வாசிக்கப் பழக்குவதாகவும் இருக்க வேண்டும் எனக் கல்வி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாம் மொழி ஆசிரியர்கள் சிலர்,
வவுனியா