ஈஸ்டர் கால தியானம்: மூன்று சனிக்கிழமைகள்

அன்பானவர்களே, ஸ்தோத்திரம்!

ஈஸ்டர் ஒரு நாளோடு முடிவதில்லை. பரிசுத்த ஆவியானவர் சீஷர்கள்மேல் இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே (மே 24) வரை 50 நாள் நமக்கு இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்களில் தவறாமல் கூடிய நாம் இப்போது சோர்ந்துவிடக் கூடாது. அதனால் ஏப்ரல் 11, 18, 25 சனிக்கிழமைகளில் மாலை 7 மணி முதல் 7.45 வரை நம் மொட்டை மாடியில் தியானம்.

1. ஏப்ரல் 11, யோவான் 20: கல்லறையருகே அழுத மகதலேனா மரியாள் இயேசுவைத் தோட்டக்காரர் என்றே நினைத்தாள். "மரியாளே" என்று பெயர் சொல்லி அழைத்ததும் தெரிந்துகொண்டாள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நிதானமாகப் படித்து வாருங்கள்.
2. ஏப்ரல் 18, லூக்கா 24: எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீஷர்களோடு, உயிர்த்தெழுந்த இயேசு நடந்துபோன வழி.
3. ஏப்ரல் 25, யோவான் 21: இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காத சீஷர்கள், அப்புறம் 153 மீன்கள். கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டவர் ஆண்டவரே.
4. வேதாகமம், பாட்டுப் புத்தகம், உட்கார ஒரு பாய் கொண்டுவாருங்கள். பெரியவர்களுக்கு நாற்காலி இருக்கும்.
5. வேதபாடம் வாசிக்கப் பிள்ளைகள் மூன்று பேர் வேண்டும், பெயர் கொடுங்கள்.
6. உடல்நலமில்லாதவர்களின் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், ஜெபிப்போம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் (ஏப்ரல் 9) இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். சுக்குக் காபி போட கணக்கு வேண்டும்.