உண்ணி கடித்தால் வளையம் வரட்டும் என்று இருக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

ஸ்காபரோவில் நம்மவர்கள் நடக்கப் போகும் ரூஜ் பள்ளத்தாக்கில் கருங்கால் உண்ணி நிலைகொண்டுவிட்டது. லைம் நோய் என்ற பக்டீரியாத் தொற்றைப் பரப்புவது இதுதான். 2009இல் கனடா முழுவதும் பதிவானவர்கள் 144 பேர். 2017இல் அது 2,000ஐத் தாண்டியது. வெப்பம் 4 பாகைக்கு மேல் ஏறினாலே உண்ணி நடமாடும் என்பதால் நவம்பரிலும் கவனம் தேவை.

இந்த நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் தோலில் வரும் தடிப்பு. சுவரொட்டிகளில் அதைப் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் சிவப்பு வளையமாகத்தான் காட்டுகிறார்கள். நம் தோலில் அது பழுப்பாக, ஊதாவாக, கண்டல் காயம் போல இருக்கும். பலருக்கு வளையமே வராது, ஒரே நிறத் தடிப்புத்தான். கடித்து 3 முதல் 30 நாளுக்குள் வந்து, 5 சென்ரிமீற்றருக்கு மேல் விரிந்துகொண்டே போனால் சந்தேகப்படுங்கள்.

இந்த நிலையில் இரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. பரிசோதனை தேடுவது, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது உருவாகச் சில வாரங்கள் எடுக்கும். அதற்குமுன் எடுத்த இரத்தம் 'ஒன்றுமில்லை' என்றே சொல்லும். அந்தத் தாளை நம்பி வீட்டிலிருந்தவருக்குப் பிறகு முகம் ஒரு பக்கம் கோணலாம், முழங்கால் வீங்கலாம். தடிப்பைப் பார்த்தே வைத்தியர் மருந்து தொடங்கலாம்: வளர்ந்தவர்களுக்கு வழக்கமாக டொக்சிசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தரம், 10 நாள். குளிசையை ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுத்தால் தொண்டை புண்ணாகும். பால், இரும்பு, கல்சியக் குளிசைகளோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான். முழங்காலின் பின்புறம், அக்குள், அரை, தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேரே இழுங்கள். ஊரில் நாய்க்குச் செய்த மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி வைத்தியம் இங்கே வேண்டாம். உண்ணி தன் வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடலாம். கழற்றியதை மூடிபோட்ட போத்தலில் வையுங்கள்.

உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்திருந்தால், கழற்றி 72 மணிநேரத்துக்குள் வளர்ந்தவர்கள் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் ஒரே ஒரு தரம் எடுப்பது நோயைத் தடுக்க உதவும். ஒன்ராறியோவில் 2023 ஜனவரியிலிருந்து பார்மசியிலேயே இதை எழுதித் தருகிறார்கள், வைத்தியரைக் காணக் காத்திருக்கத் தேவையில்லை. கர்ப்பிணிகள் முதலில் வைத்தியரைக் கேட்கட்டும்.

தமிழர் நடத்தும் பார்மசிகள், பழுப்புத் தோலில் வந்த தடிப்பின் படத்தையும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைத்தால் நல்லது.

ஒரு வாசகர்,
ஸ்காபரோ