டிரம் மூச்சு விடுகிறது, மச்சான்

நிபோங் திபால்
ஞாயிற்றுக்கிழமை காலை

மச்சான்,

உன் குரல் பதிவு மூன்றையும் நேற்று ராத்திரி கேட்டேன். மூன்றாவதில் உன் பேச்சே கேட்கவில்லை, டிராக்டர் சத்தம்தான். பரவாயில்லை, உன்னைவிட அது விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் இறங்கி, தானாக ஏறி, பாரம் இழுத்தால் வெள்ளையாகப் புகைத்து அணைந்துபோய், பத்து நிமிடம் விட்டு அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி பிடித்துக்கொள்கிறது, இல்லையா? போன வருஷம் மழைக்காலம் முழுக்க இதே பாட்டைத்தான் நானும் கேட்டேன். என்ஜினுக்குள் டீசலை அடிக்கிற பெரிய பம்ப் போய்விட்டது, இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி ஆகும் என்று சொன்னவனுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லையே? கொடுக்காதே. முதலில் ஒரு கண்ணாடிப் போத்தல் எடு.

செந்தூலில் கடையை வைத்துக்கொண்டு கோல சிலாங்கூரில் நிலம் குத்தகைக்கு எடுத்து, அதற்கு நம் அப்பன் காலத்து மாஸி 135 டிராக்டர் வேறு வாங்கியிருக்கிறாய், உன்னைப் பார்த்துச் சிரிப்பதா பாராட்டுவதா தெரியவில்லை. ஆனால் வண்டி நல்ல வண்டி. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ், உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் எவனும் பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், ராத்திரி முழுக்க அசையாமல் நின்ற வண்டியில், பில்டர் கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வருவதைப் போத்தலில் பிடி. டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில்தான் உட்கார்ந்திருக்கும். வண்டி ஓடி ஆடியபிறகு பிடித்தால் எல்லாம் கலங்கிப்போய் ஒன்றும் புரியாது. நான் பிடித்த ஹார்லிக்ஸ் போத்தலில் அடியில் மூன்று விரல் உயரத்துக்கு வெளுப்பாக ஏதோ நின்றது, தண்ணீரா வேறு எதுவுமா என்று எனக்கே சந்தேகம். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை எடுத்துவந்து போட்டாள். மேலே டீசலில் அது கரையவே இல்லை, மணல் மாதிரி பொடிப்பொடியாக இறங்கியது. டீசலும் தண்ணீரும் சேரும் கோட்டைத் தாண்டிக் கீழே போனதும் ஒவ்வொரு பொடியும் வால் விட்டுப் பிரிந்து, கொஞ்ச நேரத்தில் அடி மூன்று விரலும் ஆரஞ்சுத் தண்ணீர், மேலே டீசல் அப்படியே நிற்கிறது. இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறேன், இது எனக்குத் தோன்றவில்லை பார்.

தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் சளி மாதிரி கறுப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். அழுக்கு இல்லை, உயிருள்ளது. பூஞ்சையும் பாக்டீரியாவும் அந்தக் கோட்டில் குடியிருந்துகொண்டு, தண்ணீரில் வாழ்ந்து டீசலைத் தின்று பெருகும். பில்டரை அடைப்பது பெரும்பாலும் அதுதான். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அதற்குக் கொண்டாட்டம்.

அப்புறம் அந்த பம்ப். அதற்குள் தனியாக மசகெண்ணெய் கிடையாது, ஓடுகிற டீசலேதான் அதற்கு எண்ணெய். உள்ளே உரசுகிற பாகங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. அதில் தண்ணீர் புகுந்தால் வழவழப்பு போய் உரசிக்கொள்ளும், நின்ற வண்டியில் துருப்பிடிக்கும். என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் முனைவரை போய்விட்டால் அந்தச் சூட்டில் நீராவியாக வெடித்து முனையையே தின்றுவிடும். அதனால்தான் சொல்கிறேன், போத்தலில் தண்ணீர் தெரிந்தால் அதற்குமேல் ஒரு தடவைகூட ஸ்டார்ட் அடித்துப் பார்க்காதே. கடையில் சிலபேர் ஸ்பிரிட் ஒரு கப் ஊற்று, தண்ணீர் காணாமல் போகும் என்பார்கள். எங்கே போகும்? டீசலோடு கலந்து பில்டரைத் தாண்டி நேராக பம்ப்புக்குத்தான் போகும். உள்ளே இருக்கும் தண்ணீரை அடி வழியாக வெளியே எடுப்பதுதான் வேலை, ஒளித்துவைப்பது இல்லை.

இப்போது நான் அசடு வழிந்த கதை. கிண்ணத்தைத் திறந்து தண்ணீரை விடுவேன், நான்கு நாள் நன்றாக ஓடும், ஐந்தாம் நாள் செம்பனைக் குலையோடு டிரெய்லர் நடுப்பாதையில் நிற்கும். மறுபடி விடுவேன். இப்படியே ஆறு வாரம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை, ஏனென்றால் எனக்குத்தான் தெரியுமே, டீசல் கொண்டுவந்து ஊற்றுகிற லோரிக்காரர் கலப்படம் செய்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டு வாயில் வந்ததெல்லாம் பேசிவிட்டேன். பெரியவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒன்றும் திருப்பிச் சொல்லாமல் மறுநாள் காலை ஏழரைக்கு வந்து நின்றார்.

டிரம் எங்கே என்றார். கொட்டகை ஓரத்தில், பாதி வெயிலிலும் மழையிலும் நின்றது. இருநூறு லிட்டர் டிரம், நிமிர்த்தி வைத்திருந்தேன். முந்தைய ராத்திரி பெய்த மழை மேல்தட்டில் விளிம்புவரை தேங்கி, மூடி மூழ்கிக் கிடந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கோப்பி கேட்டார். வெயில் ஏற ஏற டிரம் சூடானது. எட்டரை இருக்கும், மூடி ஓரத்திலிருந்து ஒரு குமிழ் வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சங்கிலியாக. "மூச்சு விடுது பாருங்க தம்பி, விடுறது ராத்திரி இழுக்காதா?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். பகலில் உள்ளே காற்று விரிந்து வெளியே வரும், சாயங்காலம் மழை அடித்து டிரம் குளிர்ந்தால் உள்ளே சுருங்கி, மூடிமேல் நிற்கும் தண்ணீரை வாஷர் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். என் மூடியின் வாஷர் கிழிந்து எத்தனை நாளோ. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழை எப்படி என்று உனக்குத் தெரியும். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அடுத்த டிரம்முக்குப் பத்து வெள்ளி கூட்டித்தான் கேட்டார், கொடுத்தேன்.

இப்போது டிரம்மைக் கூரைக்குள் படுக்கவைத்திருக்கிறேன், இரண்டு மூடியும் கடிகாரத்தில் மூன்று, ஒன்பது இருக்கும் இடத்தில் வரும்படி. அப்போது மூடிக்கு உள்பக்கம் டீசல் நிற்கும், காற்று ஏறி இறங்க வழி இல்லை. எடுக்கவேண்டிய நாளுக்கு முதல் நாளே நிமிர்த்தி, பலகை கொடுத்துக் கொஞ்சம் சாய்த்து, ராத்திரி விட்டுவிடுவேன். கைப்பம்ப் குழாயை அடிவரை விடுவதில்லை, நான்கு அங்குலம் மேலேயே நிறுத்திவிட்டேன். அடியில் மிஞ்சுவது புல்லுக்குத் தீவைக்கக்கூட லாயக்கில்லை.

உன் வண்டியில் டிரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. டேங்க் மூடி ரப்பரைப் பார். தண்ணீர்க் குழாயால் வண்டியைக் கழுவுகிற பையன்கள் இருந்தால் அவர்களையும் பார். பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் நிறுத்தினாலும் ராத்திரி ஈரக்காற்று உள்சுவரில் வியர்த்து இறங்கும், ஆனால் அது சொட்டுக் கணக்கு, மூன்று விரல் வராது. இதில் எனக்கும் பங்கு உண்டு. 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டர் 2.15-லிருந்து 3.35 வெள்ளிக்குப் போனதும் டேங்க் நிரப்புகிற பழக்கத்தையே விட்டுவிட்டேன். சிறுதோட்டக்காரனுக்கு மாதம் இருநூறு வெள்ளி உதவி வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் கை தானாகவே சுருங்கிவிட்டது. இன்னொரு வேடிக்கை. 2019-லிருந்து நாம் நிலையத்தில் போடும் டீசலில் பத்து சதவீதம் செம்பனை எண்ணெயிலிருந்து வந்தது. அது வெறும் டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். என் குலையே திரும்பிவந்து என் டிராக்டரை நிறுத்துகிறது!

சரி, செய்யவேண்டியது. டேங்க்கை அடிக் குழாயோடு கழற்றி முழுக்க வடித்துவிடு, பாதியில் நிறுத்தாதே, கறுப்புச் சளி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொஞ்சம் சுத்தமான டீசல் ஊற்றி அலசு. பில்டர் புதிது போடு, செம்பு வாஷர்களும் புதிது, பத்து காசுக்குப் பழசை மாட்டிவிட்டு நாள் முழுக்கக் காற்று எடுக்காதே. அப்புறம் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றவேண்டும்: டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கிற சின்ன லிஃப்ட் பம்ப்பின் கைப்பிடியை அடித்துக்கொண்டே முதலில் பில்டர் மேல் திருகு, அப்புறம் பெரிய பம்ப்பில் இருக்கும் இரண்டு திருகு, ஒவ்வொன்றிலும் குமிழ் நின்று டீசல் மட்டும் வந்தால் இறுக்கு. கைப்பிடி பிடிமானம் இல்லாமல் லொடலொட என்று ஆடினால் லிஃப்ட் பம்ப் கெட்டுவிட்டது என்று பயப்படாதே, என்ஜினை ஒரு சுற்று திருப்பிவிட்டு மறுபடி அடி. கடைசியில் நாசில் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட் அடித்தால் துப்பிக்கொண்டு வரும், அங்கே மட்டும் கையை வைத்துப் பார்க்காதே மச்சான், அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விளையாட்டு இல்லை. இவ்வளவும் செய்து அப்படியும் இழுக்கவில்லை என்றால் அப்போது பெரிய பம்ப்பைக் கழற்றுவதைப் பற்றிப் பேசுவோம்.

இங்கே மற்றபடி எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, கோயிலுக்கு மட்டும் வலி வராது. மகள் பத்து காவான் தொழிற்சாலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, இரண்டாவது பாலம் வழியாகத் தீவுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு நடுராத்திரி வருகிறாள், நாம் அந்த வயதில் பட்டர்வொர்த் ஃபெரிக்கு ஓடிய கதையை அவளிடம் சொல்லவில்லை. நம் தோட்டத்துத் திடலில் கடைசியாக நின்ற அந்தப் புளியமரத்தையும் வெட்டிவிட்டார்கள், வீடு கட்டுகிறார்கள். படம் எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது காட்டுகிறேன்.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாயே, போத்தலில் பிடித்ததைக் கையோடு கொண்டுவா, பார்ப்போம். கேசரிப் பவுடரும் நீயே வாங்கிக்கொண்டு வந்துவிடு, இங்கே என்னை அடுப்படிப் பக்கமே விடுவதில்லை.

உன் கூட்டாளி