நாய் வளர்ப்போர் கவனத்துக்கு

குழு உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

குறுவை அறுப்பு சமயத்தில் எங்கள் நாய் மணி இரண்டு நாள் வைக்கோல் போருக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தான். கருவாட்டுச் சோற்றைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். வெயில் அசதி என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிப்போய் இருந்தது. உண்ணிக் காய்ச்சல். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்தான். முதல் நாளே போயிருக்க வேண்டும்.

ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பரவாயில்லை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் மூலையில் ஒதுங்கினால் காட்டிவிடுங்கள். குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. வயலுக்குப் போய்வந்த நாய்க்கு முகமோ காலோ திடீரென்று வீங்கினால் பாம்புக்கடியாக இருக்கலாம், அப்போதே கிளம்புங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷமாகலாம்.

அப்புறம் முக்கியமாக ஒன்று. தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறினால் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். கடியோ கீறலோ பட்டால், காயத்தில் எச்சில் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கால்நடை மருத்துவ உதவிக்கு 1962. இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.