பாடமாக்க விடாதேங்கோ, கதைக்க விடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வெள்ளவத்தையில காலி வீதியால நடந்தா பாக்கிற இடமெல்லாம் ஐயெல்ட்ஸ் எண்ட இங்கிலிஷ் சோதினைக்கான கிளாஸ் போர்டுதான். ஏ.எல் முடிச்ச கையோட கனடா, யூகே எண்டு வெளிக்கிடுற பிள்ளையள் அங்க போகினம், அதில பிழையில்ல. ஆனா அதில கதைச்சுக் காட்டுற பகுதியான ஸ்பீக்கிங்குக்கு கன இடத்தில ஃபோட்டோக்கொப்பி அடிச்ச விடையளக் குடுத்துப் பாடமாக்க விடுறதத்தான் பொறுக்க ஏலாம இருக்கு.

பக்கத்து ஃபிளாட் பெடியன் ஒருத்தன் கதைச்சுப் பழக என்னட்ட வாறவன். மதிக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்லு எண்டு கேட்டன், அப்துல் கலாமப் பற்றி மூச்சு விடாம ஒப்புவிச்சான், ஒரு பிழையில்ல. சரி, அவர் செய்ததில உனக்கு எது பிடிக்கும் எண்டு கேட்டா வாயே திறக்கேல்ல. பிறகு உங்கட வீட்டில ஆரையாவது சொல்லன் எண்ட உடன, செட்டியார் தெருவில நகைக்கடையில நிக்கிற மாமாவைப் பற்றித் தொடங்கினான், ஒரு சங்கிலியக் கையில தூக்கினாலே எத்தினை பவுண் எண்டு சொல்லிப்போடுவாராம், பிறகு தராசில வச்சாலும் சரியா இருக்குமாம். கிரமர் பிழைச்சுது, சொல் தேடி நிண்டான், ஆனா நான் இடையில என்ன கேட்டாலும் பதில் வந்துது.

சோதினையிலயும் இதுதான் நடக்குது. ஸ்பீக்கிங் மொத்தமே 11இலிருந்து 14 நிமிசம். ரெண்டாம் பகுதியில தலைப்பு எழுதின கார்டு தந்து யோசிக்க 1 நிமிசம், பேப்பரும் பென்சிலும் தருவினம், பிறகு 2 நிமிசம் வரைக்கும் கதைக்கோணும். மூண்டாம் பகுதியில அதே விசயத்தப் பிடிச்சு ஏன், எப்பிடி எண்டு தோண்டுவினம், பாடமாக்கின பிள்ளை விழுறது அங்கதான். பாடமாக்கினதக் கண்டுபிடிக்க எக்ஸாமினர்மாருக்குப் பயிற்சியே இருக்கு.

தடக்குப்படாம தொடர்பாக் கதைக்கிறது, சொல்வளம், கிரமர், உச்சரிப்பு எண்டு 4 விசயத்துக்கும் புள்ளி சமனாத்தான் போடுகினம், அப்ப கிரமருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தா மற்ற மூண்டும்தான் போகும். வெள்ளைக்காரர் மாதிரி நாக்கை மடிக்கவும் தேவையில்ல, எங்கட உச்சரிப்பிலயே விளங்கக்கூடியதாச் சொன்னாக் காணும். கேள்வி விளங்கேல்லையெண்டா திருப்பிக் கேக்கலாம், கன பிள்ளையளுக்கு இது கூடத் தெரியாது.

வீட்டில போனில ரெக்கோர்ட் பண்ணி 2 நிமிசம் கதைச்சிட்டுக் கேட்டுப் பாருங்கோ, எங்க இழுபடுது, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருது எண்டு உங்களுக்கே பிடிபடும். அந்த 1 நிமிசத்தில முழு வசனம் எழுத வெளிக்கிடாதேங்கோ, நாலஞ்சு சொல் போதும்.

கிளாஸ் எடுக்கிற ஆசிரியர்மாரே, நோட்ஸ் குடுக்கிற நேரத்தில பிள்ளையள ரெண்டு ரெண்டு பேரா இருத்திக் கதைக்க விட்டு, நடுவில நீங்க புகுந்து ஏன் எண்டு கேளுங்கோ. தாய்தகப்பனும், ஒவ்வொரு பிள்ளைக்கும் கதைக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் எண்டு விசாரிச்சுப்போட்டுக் காசக் கட்டுங்கோ.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06