தூக்கம் வராத அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

கடைசி எம்ஆர்டி ரயில் போகிற சத்தமும் கேட்கிறது, விடியற்காலை முதல் எம்ஆர்டி வருகிற சத்தமும் கேட்கிறது என்று போனில் சொன்னீர்கள். ஈசூனில் தண்டவாளத்தை ஒட்டிய புளோக்கில் இருப்பவர் அப்படிச் சொன்னால், இரவு முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

கதை கேட்டுப் பாருங்களேன். படிக்க வேண்டாம், விளக்கைப் போட்டால் மாமா எழுந்துவிடுவார். ஒலி 96.8 வானொலியும் இந்த நேரத்துக்குச் சரிவராது. பழைய பாட்டு வந்தால் நீங்களும் கூடவே பாடத் தொடங்கிவிடுவீர்கள், அப்புறம் எங்கே தூங்குவது? யாராவது ஒருவர் ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் வாசித்துக்கொண்டே போக வேண்டும். மகனுக்கு வேலை, வீட்டுக் கடன், மூட்டுவலி என்று சுற்றுகிற மனம் கொஞ்ச நேரம் அந்தக் குரலின் பின்னால் போகும்.

எந்தக் கதை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புதுக் கதை, அதிலும் துப்பறியும் கதை, கூடவே கூடாது. 'பொன்னியின் செல்வன்' கேளுங்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர் அது. அடுத்த இதழுக்கு ஏங்க வைப்பதுபோல அத்தியாயத்தை முடிப்பார் கல்கி. முதல்முறை கேட்பவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும். நீங்களோ ஐந்து பாகத்தையும் கரைத்துக் குடித்தவர். நந்தினி அடுத்து என்ன செய்வாள் என்று உங்களுக்கே தெரியும், நடுவில் கண் அசந்தாலும் நஷ்டமில்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பலரும் வாசித்து யூடியூபில் போட்டிருக்கிறார்கள். விளம்பரம்தான் திடீரென்று கத்தும்.

தேசிய நூலக வாரிய உறுப்பினர் என்றால் லிப்பி செயலியில் ஒலிப்புத்தகங்களை இலவசமாக இரவல் வாங்கலாம். அதில் ஸ்லீப் டைமர் உண்டு. அத்தியாயம் முடியும்வரை என்று வைக்காமல் 20 நிமிடம் என்று வையுங்கள். அது நின்ற பிறகும் விழிப்பாகவே இருந்தால் புரண்டுகொண்டு கிடக்காதீர்கள். கூடத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள், கண்ணைச் சுழற்றும்போது படுக்கைக்கு வந்தால் போதும். போனை மட்டும் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், சூடாகும்.

வாரத்துக்கு 3 இரவாவது இப்படி 3 மாதமாக நடக்கிறது என்றால் பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிரஷர் மாத்திரைக்கு எப்படியும் போகிறீர்களே. மாத்திரைதான் தருவார்கள் என்று பயப்பட வேண்டாம், படுக்கைப் பழக்கத்தை மாற்றித் தூக்கத்தைச் சரிசெய்யும் சிகிச்சையும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறேன், அப்படியே உங்கள் வீட்டுக்கும் வந்து லிப்பியைப் போட்டுத் தருகிறேன். மீன் குழம்பு இருந்தால் சாப்பிட்டுவிட்டே போவேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்