மாசியில் வருகிறேன்

முக்கூடல்,
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க முத்துமாலை அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தினமும் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாய் திறந்தால் நீ "ஒரு நிமிடம் அம்மா" என்கிறாய். அந்த ஒரு நிமிடம் மறுநாள் சாயங்காலம்தான் முடிகிறது. கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. நான் பாட்டுக்கு எழுதுகிறேன், நீ பஸ்ஸில் போகும்போது படித்துக்கொள்.

மேலத்தெரு விவகாரம் ஒருவழியாக முடிந்தது. நீ சொன்னபடியேதான் ஆயிற்று. உன் பெரியப்பா மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிசான நெல் கதிர் வாங்கிவிட்டது. உன் அப்பா தினமும் பேப்பரில் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து எனக்குச் சொல்கிறார். 143 அடி என்பதை அவரே அளந்து கட்டியதைப் போலத்தான் பேச்சு. முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தீர்ந்துவிட்டது. செய்தி இவ்வளவுதான்.

உன் பார்சலை நான் பிரித்துவிட்டேன். ஆடியில் வந்தது. நீ வந்து பிரிப்பாய் என்று பீரோ மேல் வைத்திருந்தேன். தீபாவளிக்கு வந்தாய், இரண்டு நாளும் தூங்கினாய். பாவம், தூங்கட்டும் என்று உன் அப்பா டி.வி. சத்தத்தைக்கூடக் குறைத்துவிட்டார். நீ ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் பல்லி ஓட்டும்போது பார்சல் கீழே விழுந்து ஓரம் கிழிந்தது. கிழிந்தது கிழிந்துவிட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போமே என்று பிரித்தேன். சென்னை விலாசத்தைக் கொடுக்காமல் இந்த வீட்டு விலாசத்தை ஏன் கொடுத்தாய் என்று நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

எல்லாம் நீ அஞ்சல் வழியில் படிக்கிற எம்.ஏ. வரலாற்றுப் புத்தகங்கள். எனக்குப் புரியாது என்றுதான் நினைத்தேன். பாதி புரியவில்லை, உண்மைதான். ஐரோப்பா வரலாற்றை மூடி வைத்துவிட்டேன். தமிழக வரலாறு மட்டும் விட மனம் வரவில்லை. ஆதிச்சநல்லூரைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி எடுத்ததையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டாராம். அதன் பிறகு அலெக்சாண்டர் ரீ என்பவர் வந்திருக்கிறார். ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் எத்தனை முறை அந்தப் பரம்பைத் தாண்டிப் போயிருக்கிறோம்! ஒரு முறைகூட நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லைச் சோதித்ததில் அது கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று தெரிந்ததாகப் பேப்பரில் வந்ததே, அது இந்தப் புத்தகத்தில் இல்லை. பழைய பாடம் போல. நான் அன்றைக்கு வெட்டி வைத்திருந்த துண்டைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தில் செருகியிருக்கிறேன். நீ படிக்கும்போது உதவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முக்கூடற்பள்ளு நம் ஊரைப் பாடியது என்றுதானே பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் மார் தட்டிக்கொண்டோம்? அது நம் முக்கூடல் இல்லையாம். சீவலப்பேரிப் பக்கம், தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற இடமாம். உன் அப்பாவிடம் சொன்னேன். புத்தகம் தப்பு என்கிறார். இரண்டு நாள் அதற்கே சண்டை. நீ இருந்திருந்தால் தீர்த்து வைத்திருப்பாய்.

தேர்வுக் கால அட்டவணையை எதிர்வீட்டுப் பையன் அவன் போனில் பார்த்துச் சொன்னான். டிசம்பரில் சனி ஞாயிறுகளில் வந்தது. நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை. திருநெல்வேலியில் எழுத வருவாய் என்று நினைத்து மெத்தையை வெயிலில் போட்டேன். நீ சென்னையிலேயே மையம் மாற்றிக்கொண்டதாகச் சொன்னாய். சரி, அலைச்சல் மிச்சம். முதல் சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தைலத்தின் பெயர் கேட்க மறதியாக உன்னை அழைத்துவிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாய். பின்னால் குக்கர் விசில் கேட்டது. "மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா, அப்புறம் பேசுகிறேன்" என்றாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை. பதில் சொல்ல வேண்டாம்.

உன் மாமா தினமும் காலையில் ஏதாவது அனுப்புகிறார். அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால் நாலு மணிநேரம் மிச்சம், பெரிய பெரிய ஆட்களெல்லாம் அப்படித்தான் வந்தார்கள் என்று. உனக்கும் வந்திருக்கும். நீ பதினொன்றரைக்குப் படுக்கிறவள், நாலு மணிக்கு எழுந்தால் என்ன ஆவாய் என்று அவர் கணக்குப் போடவில்லை. போன வாரம் வ.உ.சி.யை அனுப்பியிருந்தார். கோயம்புத்தூர் ஜெயிலில் செக்கிழுத்தவர் ஜெயிலிலேயே ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலைத் தமிழாக்கினார் என்று. உண்மைதான், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதை உனக்கு நான் சொல்லமாட்டேன். இருட்டினால் செக்கு நின்றிருக்கும். உன் போன் நிற்பதில்லை.

எனக்குத் தெரிந்தது வேறு. அது நடந்த திண்ணையில்தான் நீ தவழ்ந்தாய், ஆனால் உனக்கு நினைவிருக்காது. 1990-களின் தொடக்கம். நம் மாவட்டத்துக்கு அப்போது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் தெருவில் நான் ஒருத்திதான், அதனால் என்னைத் தொண்டராகப் போட்டார்கள். ஏழு மணிக்கு வகுப்பு. ஒருத்தியும் வரவில்லை. எப்படி வருவார்கள்? ஆயிரம் பீடி முடித்தால்தான் மறுநாள் கடையில் கொடுக்கலாம். பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கினால் அன்றைய கூலி போயிற்று.

கடைசியில் தட்டோடு வரச் சொன்னேன். அதிலும் ஒரு சிக்கல். இலை வெட்டும்போது கண் கத்தரியில் இருக்க வேண்டும். தகட்டை இலை மேல் வைத்து நரம்பு பார்த்து வெட்ட வேண்டும், கொஞ்சம் விலகினால் இலை வீண். கடைக்காரர் எடை போட்டுத்தான் இலை தருகிறார், வீணானதை யார் தருவார்? தூள் வைத்துச் சுற்றும்போதும் கண் வேண்டும். ஆனால் சுற்றிய பீடியின் தலையை நகத்தால் மடக்கி மூடுகிற வேலைக்குக் கண் தேவையில்லை, விரலே பார்த்துக்கொள்ளும். அதனால் பகலிலேயே வெட்டிச் சுற்றி வைத்துவிட்டு, மடக்குகிற வேலையை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவருவது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கண் சுவரில் தொங்குகிற அட்டையில், விரல் தட்டில். எழுதுகிற நேரம் வரும்போதுதான் தட்டை இறக்குவார்கள். சிலேட்டெல்லாம் புகையிலைத் தூள். நான் சாக்பீஸ் பிடித்த கையை முகர்ந்தால் இரண்டு வாசனையும் சேர்ந்து அடிக்கும்.

இப்படிச் செய்தும் நூறு, நூற்றைம்பது பீடி குறையத்தான் செய்தது. இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். நேரம் எங்கேயும் மிச்சமாகக் கிடக்கவில்லை. கூலியில் குறைத்துத்தான் எடுத்தோம். குறைந்ததற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஏச்சு விழுந்தது. உன் ஆச்சி "எழுத்துப் படித்தால் கலெக்டர் உத்தியோகமா கொடுக்கப்போகிறார்கள்?" என்று தெருவே கேட்கும்படி கேட்பார். நான் பதில் சொன்னதில்லை. அந்த வாரம் குழம்பில் மீன் இருக்காது, அவ்வளவுதான். அதற்கும் ஒரு ஏச்சு. பிறகு நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினேன். அந்த வருடம் வீட்டில் வெள்ளை அடிக்கவில்லை. பொங்கலுக்கு வந்தவர்களெல்லாம் சுவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

நீ என்ன குறைத்தாய், சொல். அலுவலகத்தில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது. சின்னவளின் டிபன் பெட்டியில் நேற்று வைத்தது இன்று இருக்கக் கூடாது. சம்பந்தியம்மாவுக்குப் பத்து மணிக் காப்பி பத்தே காலுக்குப் போகக் கூடாது. விசேஷ வீடு ஒன்றும் தவறக் கூடாது. பொங்கல் கோலம் போட்டோவில் வர வேண்டும். எல்லாவற்றையும் முழுதாகச் செய்துவிட்டு, கடைசியில் குறைப்பதற்கு உன் புத்தகம் ஒன்றுதான் அகப்பட்டிருக்கிறது. அது ஏசாதே, அதனால்.

கோபத்தில் எழுதவில்லை. உன்னை நினைத்தால் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான ஸ்காலர்ஷிப் படிவத்தை ஐந்தாம் வகுப்பிலேயே நீயாக நிரப்பினாய், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். மகளிர் குழுக் கணக்கு நோட்டில் நான் தப்புப் போட்டால் இன்றைக்கும் நீதான் போனிலேயே கண்டுபிடிக்கிறாய். பாளையங்கோட்டைக் கல்லூரியில் நீ வரலாறு கேட்டாய், நாங்கள் கணக்கில் சேர்த்தோம். அது தப்பென்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். கணக்குதான் வேலை வாங்கிக் கொடுத்தது, ஓட்டு வீடு மாடி வீடானது, உன் தம்பியின் படிப்பு நடந்தது. ஆனால் அந்தக் கடன் தீர்ந்துவிட்டது. போன சித்திரையோடு பேங்கில் கடைசித் தவணை கட்டியாகிவிட்டது. இனி எங்களுக்காக என்று எதையும் தள்ளிப்போடாதே. மாதாமாதம் அனுப்புவதில் பாதி அனுப்பினால் போதும். நான் இன்னும் தட்டைக் கீழே வைக்கவில்லை, தெரியும்தானே. ஆயிரம் முடியாது, நானூறு ஓடும். மீதிப் பாதியில் வாரம் மூன்று நாள் சமையலுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள். உப்புக் குறைவாக இருந்தால் இருக்கட்டும்.

சம்பந்தியம்மா நல்லவர்தான். நீ ஒரு நாளும் கதவைச் சாத்திப் பார்க்கவில்லை, அதனால் சாத்தலாம் என்று அவருக்கும் தெரியவில்லை. சாத்தினால் முதல் வாரம் ஏதாவது சொல்வார். இரண்டாம் வாரமும் சொல்வார். சொல்லட்டும். நீ வாயாடவும் வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஒன்றை வைத்துக்கொள். தினமும் ஒரு மணிநேரம் என்றெல்லாம் ஆரம்பிக்காதே, செவ்வாய்க்கிழமை விட்டுப்போகும், புதன்கிழமை வெட்கம் வந்துவிடும், வியாழக்கிழமை புத்தகத்தை எடுக்கமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். ஒரே ஒரு காலை. ஞாயிறு. கதவைச் சாத்து.

அடுத்த தேர்வு மே மாதத்தில் இருக்கும் என்று அந்தப் பையன் சொல்கிறான். டிசம்பரில் எழுதியது போக மீதி இருந்தால் அப்போது எழுதலாமாம். எல்லாமே மீதி இருந்தாலும் எழுதலாமாம். பொதுவாகத்தான் கேட்டு வைத்தேன்.

மாசியில் நான் அங்கே வருகிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டது. ஒரு மாதம் இருப்பேன். சமையல் என்னுடையது, சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் என்னுடையது. சம்பந்தியம்மாவின் பத்து மணிக் காப்பியும் என்னுடையது. எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஆயிரம் இருக்கிறது. உன் அப்பா தனியாகச் சமாளித்துக்கொள்வார், இல்லையென்றால் உன் சித்தி வீட்டில் சாப்பிடுவார். புத்தகங்களை நானே கொண்டுவருகிறேன், ஐரோப்பா உட்பட. தமிழக வரலாற்றில் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டிருக்கிறேன். பிடிக்கவில்லையென்றால் அழித்துக்கொள்.

கருப்பட்டியும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் எடுத்து வருகிறேன். வேறென்ன வேண்டும் என்று சொல். மாப்பிள்ளையிடம் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை நீ பேசுகிறாயா, நான் வந்து பேசவா? அதை மட்டும் எழுதிப் போடு. போனில் கேட்டால் "சரி சரி" என்பாய்.

அன்புடன்,
அம்மா